பதினொன்றோ பன்னிரண்டோ

ஹரோவில் எங்கள் வீட்டு முன்றிலில் ஒரு அமெரிக்கக் கார் பத்து வருடத்துக்கும் மேலாக நின்றது. ஓடியது என்று எழுத ஆசைதான், ஆனால் நின்றது என்பதுதான் உண்மை. அதன் மூக்கு நடைபாதைக்குள் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். தபால்காரர் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பித்தான் கதவுக்கு வருவார். கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தால் ஆள் பிடித்துக் காரைப் பின்னுக்குத் தள்ளுவோம். ஆறு மாதத்தில் அது எப்படியோ மறுபடி முன்னுக்கு வந்திருக்கும். குப்பை வாளியை வெளியே வைக்கப் போகும்போதெல்லாம் என் முழங்கால் அதன் பம்பரில் இடிபடும். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அந்தக் காரைக் கொண்டுவந்தவர் என் கணவர். மாவட்ட அரசாங்க அலுவலகமான யாழ்ப்பாணக் கச்சேரியில் வாகனப் பதிவுப் பகுதியில் கிளாக்காக இருந்தவர். எந்தக் கார் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். லண்டனுக்கு வந்தபின் பெற்றோல் நிலையத்தில் கஷியர். வேலைதான் மாறியது, ஆள் மாறவில்லை. நிச்சயமாகத் தெரியாத எதையும் எழுத மாட்டார், சொல்லவும் மாட்டார். வீட்டில் சீனி இருக்கிறதா என்று கேட்டால் எழும்பிப் போய், போத்தலைத் திறந்து பார்த்துவிட்டு வந்துதான் ஓம் என்பார். இப்படி ஒருவரோடு குடும்பம் நடத்துவது ஒரு தனிக் களைப்பு.

கார் வந்தது எண்பத்தாறில். பெற்றோல் நிலையத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்காரனின் கார் அங்கேயே கியர்பொக்ஸ் உடைந்து நின்றுவிட்டது. பழைய இரும்புக்குப் போடப்போகிறேன் என்று அவன் சொல்ல, இவர் நான் எடுக்கிறேன் என்றிருக்கிறார். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். செம்மஞ்சள் நிறம், இரண்டே கதவு, கறுப்புத் தோல் ஒட்டிய கூரை. லொறிக்குப் போடவேண்டிய எஞ்சினைச் சாதாரணக் காருக்குள் அடைத்து, இளந்தாரிகள் பறப்பதற்கென்று அமெரிக்காவில் கொஞ்சக் காலம் செய்தார்களாம். மசில் கார் என்று பெயர். பெற்றோல் விலை ஏறியதும் நிறுத்திவிட்டார்களாம். இவர் பெற்றோல் நிலையத்தில் நின்றபடி கார்ப் புத்தகங்கள் வாசிக்கிறவர். அந்த எஞ்சினும் அந்தக் கூரையும் சேர்ந்து வந்த கார் உலகத்திலேயே பத்துப் பதினைந்துதான் என்று பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டதாம்.

அப்போது நான் ஐந்து மாதம்.

அதற்கு முன்னால் நாங்கள் அப்டன் பார்க்கில் ஒரு பிளாட்டில் இருந்தோம். இலக்கம் முப்பத்தைந்து. அங்கேதான் எங்கள் முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே போனது. ஹொஸ்பிட்டலால் வந்து ஒரு கிழமைக்குப் பிறகு அத்தான் பார்க்க வந்தார். அக்காவின் கணவர், கிறீன் ஸ்ட்ரீட்டில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், எண்சாத்திரத்தில் பெரிய விண்ணர் என்று பெயர். கதவில் இருந்த இலக்கத்தை அண்ணாந்து பார்த்து, "மூண்டும் அஞ்சும் எட்டு. சனியின்ர நம்பர். இந்த வீட்டில பிள்ளை எப்பிடித் தங்கும்?" என்றார். அதே கதவால் ஒரு வருடமாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர் அவர். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டிருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் இருந்துகொண்டது. ஹரோவில் வீடு தேடியபோது இலக்கத்தைக் கூட்டிப் பார்க்காமல் நான் ஒரு வாசலையும் மிதிக்கவில்லை. இவர் சிரிப்பார், ஆனால் மறுத்து ஒன்றும் சொல்லமாட்டார்.

கார் வந்த அடுத்த ஞாயிறு அதற்குப் பூசை. நாலு ரயருக்கும் கீழே தேசிக்காய், முன்னுக்குத் தேங்காய், பொனற்றில் சந்தனம். ஓடாத காருக்கு என்ன பூசை என்று நான் கேட்டேன், யாரும் காதில் விழுத்தவில்லை. இவர் தீப்பெட்டி எடுக்க உள்ளே போனார். அத்தான் எஞ்சினுக்குத் திருநீறு பூசவென்று பொனற்றைத் தூக்கினார். உள்பக்கத் தகரத்தில் சின்னத் தட்டு ஒன்று இரண்டு திருகாணியில் இருந்தது. விரல் நீளந்தான், எண்ணெய் அப்பியிருந்தது. அத்தான் துணியால் துடைத்து, பேனையை எடுத்து, அதில் வெட்டியிருந்த எண்ணை உள்ளங்கையில் கூட்டத் தொடங்கினார். ஆங்கில எழுத்துக்கும் ஒவ்வொரு எண் இருக்கிறது. அதையும் சேர்த்துக் கூட்டினார்.

"இருவத்தாறு. எட்டு" என்றார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். "இதை இஞ்ச வைச்சிருக்காதை, பிள்ளை. ஓடுற தண்ணியில விட்டிடு. திரும்பிப் பாக்காதை."

இவர் தீப்பெட்டியோடு வந்துவிட்டார். அத்தான் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் இவர் காலை ஷிப்டுக்குப் போனதும் மரக்கறி வெட்டுகிற கத்தி நுனியால் அந்தத் திருகாணிகளைக் கழற்றினேன். தட்டைப் பாண் பையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். மெட்ரோபொலிட்டன் லைனில் பேக்கர் ஸ்ட்ரீட், அங்கே மாறி எம்பாங்க்மென்ட். வழி முழுக்கப் பையைத் திறந்து திறந்து அந்த எண்ணைப் பார்த்தேன். அங்கே ஆற்றுக்கு மேலே ரயில் பாலத்தோடு ஒட்டி ஒரு நடைபாலம் இருக்கும். அதன் நடுவில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். தண்ணீர் மண் நிறத்தில் ஓடியது. பையைத் திறந்து தட்டைப் போட்டேன். சத்தம்கூடக் கேட்கவில்லை. ஒரு வெள்ளைக்காரக் கிழவி ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் குதிக்கப்போகிறேன் என்று நினைத்திருக்கிறாள். ஒன்றுமில்லை என்று எத்தனை தரம் சொல்லியும் விடாமல் பாலத்தின் மறு கரைவரை நடத்திக்கொண்டு போனாள். அதனால் திரும்பிப் பார்க்க எனக்கு வழியே இருக்கவில்லை.

மகள் குறித்த நாளில் பிறந்தாள். எட்டு றாத்தல். அதைக் கேட்டு அத்தானின் முகம் கொஞ்சம் மாறியது, பிறகு நிறையை எல்லாம் கூட்டக்கூடாது என்றார்.

தட்டு போனது இவருக்கு மகள் பிறக்க முன்னமே, நான் எறிந்து இரண்டு கிழமையில், தெரிந்துவிட்டிருந்தது. அதற்கிடையில் காரைப் பக்கத்துத் தெருக் கராஜுக்கு இழுத்துக்கொண்டுபோய்க் காட்டி, திருத்த ஏலாது என்று திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். வடிவாகத் துடைத்து, நல்ல கொப்பியில் பதியலாம் என்று இவர் நாள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். பொனற்றைத் தூக்கினால் இரண்டு ஓட்டைதான் இருக்கிறது. கராஜ்காரன்தான் எடுத்தான் என்று முடிவு கட்டினார். வாழ்க்கையில் நிச்சயமில்லாமல் அவர் கட்டிய ஒரே முடிவு அதுதான். போய்ச் சத்தம் போட்டார். அவன் நல்ல மனுசன், பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றானாம். நான் குசினியில் நின்று இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அடுத்த கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு அது வருடக்கணக்காகிவிட்டது.

அந்தத் தட்டுத்தான் காரின் பிறப்புச் சான்றிதழ் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எந்த எஞ்சின், எந்தத் தொழிற்சாலை, எந்த நாட்டுக்கு, எல்லாம் அதில் இருக்கும். முன் கண்ணாடிக்குக் கீழே அதே இலக்கம் இன்னொரு தரம் இருந்திருக்கவேண்டும். முன்னைய சொந்தக்காரர் யாரோ ஒருவர் டாஷ்போட்டை மாற்றியதில் அது போய்விட்டது. காரின் பதிவுப் புத்தகமான லொக் புக்கில் கடைசி மூன்று இலக்கம் மட்டும் இருந்தது, இரண்டு ஆறு மூன்று. மிச்சத்தை எழுத எந்தச் சோம்பேறிக்கோ பஞ்சி.

இவர் அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். நீல நிற எயார் மெயில் கடிதத்தில், கச்சேரி எழுத்தில், கம்பெனிக்கு, கிளப்புகளுக்கு, புத்தகம் எழுதினவர்களுக்கு எல்லாம் எழுதினார். இப்படிப்பட்ட கார் மொத்தம் எத்தனை செய்தார்கள்? அதுதான் கேள்வி. பதில்கள் வந்தன. ஒருவர் ஒன்பது என்றார். ஒருவர் பதினொன்று. இன்னொருவர் பதினாலு, ஆனால் அதில் மூன்றை யாரும் கண்ணால் கண்டதில்லை. கம்பெனியோ அந்தக் காலத்துக் கணக்குக் கொப்பிகள் கந்தோர் மாற்றியபோது எறியப்பட்டுவிட்டன என்று இரண்டு வரி எழுதியது.

"செய்தவனுக்கே எத்தனை செய்தனெண்டு தெரியாதோ?" என்று நான் கேட்டேன்.

"அப்பிடியில்லை" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும். ஓடர் எழுதியதைச் சிலர் எண்ணுகிறார்கள், அதில் சில கார்கள் செய்யப்படவே இல்லை. எஞ்சினைச் சிலர் எண்ணுகிறார்கள், அதில் சில எஞ்சின்கள் மாற்று எஞ்சினாகப் போனவை. அமெரிக்காவுக்கு வெளியே அனுப்பினவை வேறு கொப்பி, அதைச் சிலர் சேர்த்தார்கள், சிலர் விட்டார்கள். புத்தகம் எழுதினவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள். "எல்லாரும் சரியாத்தான் எண்ணியிருக்கினம். என்னத்தை எண்ணினதெண்டுதான் ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார்.

விற்பதற்காக இல்லை. அதை நான் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "சீ, விக்கிறதோ? எழுத்தில இருக்கவேணும்" என்றார். இங்கிலாந்தில் அந்தக் கார்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. அதில் ஓய்வுபெற்ற ஒரு மனிதர் பதிவேடு ஒன்று வைத்திருந்தார். உலகத்தில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு காருக்கும் அதில் ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் இவர் தவம் கிடந்தார். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து இவரைப் பற்றி எழுதிய ஒவ்வொரு கடதாசியிலும் ஒரு பிழை இருந்தது. பெயர் பிழை, பிறந்த இடம் பிழை. படித்த படிப்பு செல்லாது என்று எழுதினார்கள். ஒரு வரியாவது தான் சொன்னது சொன்னபடி இருக்கவேண்டும் என்று அவருக்கு. எனக்கு அது விளங்கியது. விளங்கியதால்தான் நித்திரை வரவில்லை.

சனங்கள் விடுவார்களா? வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குப் போனால் அன்னதான வரிசையில் வைத்துக் கேட்பார்கள், "என்னண்ணை, உலகத்தில பத்தே பத்துக் கார், அதில ஒண்டு உங்கட. எப்ப ஓடும்?" மற்றவன், "அது ஓடினா மற்ற ஒம்பதும் வெக்கப்படும்" என்பான். எல்லாரையும்விடக் கூடச் சிரித்தவர் அத்தான். எனக்குக் கையிலிருந்த பாயசத்தை அவர் தலையில் ஊற்றவேண்டும்போல இருக்கும். இவர் மட்டும் நிதானமாக, "பத்தெண்டு நான் சொல்லேல்லை. ஒம்பதுக்கும் பதினாலுக்கும் இடையில" என்று திருத்துவார். அதுக்கும் சிரிப்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், பல கடிதங்களுக்குப் பிறகு, பதிவேட்டு மனிதர் வந்து பார்ப்பதாக ஒத்துக்கொண்டார். ஒரு சனிக்கிழமை காலை. மகள் தமிழ் வகுப்புக்குப் போயிருந்தாள். இவர் விடியவே எழும்பிக் காரைக் கழுவி, கல்யாணத்துக்குப் போடுகிற சேர்ட் போட்டுக்கொண்டு, அதற்கு மேலே வேலை அங்கியும் போட்டுக்கொண்டு நின்றார். நான் ரோல்ஸ் பொரித்தேன்.

வந்தவர் உயரமான, மரியாதையான மனிதர். டோர்ச் வைத்திருந்தார், சின்னக் கண்ணாடியை ஒரு தடியில் கட்டி வைத்திருந்தார். ஒரு மணித்தியாலம் காருக்குக் கீழேயும் உள்ளேயும் பார்த்தார். எஞ்சின் சரி என்றார். கூரை சரி என்றார். ஒவ்வொரு சரிக்கும் இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கடைசியில் அவர் பொனற்றுக்குக் கீழே அந்த இரண்டு ஓட்டையிலும் டோர்ச்சைப் பிடித்தார்.

பிறகு மிகவும் மெதுவாகத்தான் சொன்னார். இவ்வளவு அரிதான காரில் அந்தத் தட்டு மட்டும் இல்லாமல் இருப்பதைத் தான் முன்பும் கண்டிருக்கிறார். பெரும்பாலும் சொந்தக்காரரே கழற்றுவாராம். தட்டு இருந்தால் அது சாதாரணக் கார் என்று சொல்லிவிடும். கழற்றிவிட்டு, எஞ்சினை மாற்றிப் போட்டு, இது அந்தப் பத்தில் ஒன்று என்பார்களாம். உங்களைச் சொல்லவில்லை, ஆனால் மற்றவர்கள் ஏமாறக்கூடாது என்பதற்காகப் பதிவேட்டின் பின்பக்கத்தில், சந்தேகத்துக்குரியவை என்ற பட்டியலில், இதைப் போடவேண்டிவரும் என்றார்.

இவருக்கு நல்ல இங்கிலீஷ் தெரியும். கச்சேரி இங்கிலீஷ். அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. எண்ணெய்த் துணியைக் கையில் பிடித்தபடி அந்த வெள்ளைக்காரரைப் பார்த்து, "நான் எடுக்கேல்லை" என்றார், தமிழில். திரும்பவும், "நான் எடுக்கேல்லை."

நான் ரோல்ஸ் தட்டைக் காரின் கூரையில் வைத்தேன்.

"நான்தான் எடுத்தேன்" என்று அந்த மனிதருக்கு இங்கிலீஷில் சொன்னேன். இவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்லி முடிக்க ஏலாது. கத்தியால் கழற்றியது, ரயில், பாலம், ஏன் என்பது, எல்லாம் சொன்னேன். எண்ணைக் கூட்டிப் பார்ப்பதை இங்கிலீஷில் சொல்லும்போது எவ்வளவு பைத்தியமாக இருந்தது என்று எனக்கே கேட்டது. அவர் சிரிக்கவில்லை. தட்டில் என்ன இருந்தது என்று நினைவிருக்கிறதா என்று கேட்டார்.

நினைவிருக்கிறதாவா? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த எண்தான் முதலில் மனதில் வரும். அவள் விழுந்தெழும்பினால், பள்ளிக்கூடத்தால் பிந்தி வந்தால், சரியாகப் போட்டேனா, தண்ணீரில்தான் விழுந்ததா என்று அந்த எண்ணையே கூட்டிக்கொண்டிருப்பேன். பத்து வருடம்.

"ஜே, கே" என்றேன். "நாலு, ஒன்று, ஏழு, சைபர், இரண்டு, ஆறு, மூன்று."

அவர் எழுதினார். லொக் புக்கை வாங்கிக் கடைசி மூன்று இலக்கத்தைப் பார்த்தார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார், சொன்னேன். அந்த இரண்டாவது எழுத்தின் கீழே கோடு கிழித்துவிட்டுக் காரின் பக்கத்தில் சாய்ந்துகொண்டார். அது அமெரிக்காவுக்கு வெளியே அனுப்பின கார்களுக்குப் போட்ட எழுத்தாம். இப்படியொரு எழுத்து இருந்ததே தனக்குப் போன வருடம்தான் தெரியுமாம், எந்தப் புத்தகத்திலும் இல்லையாம். அப்படியென்றால் இது யாருடைய கணக்கிலும் இதுவரை வராத கார். அப்படியென்றால், என்றுவிட்டு நிறுத்தினார். இது அத்தாட்சி ஆகாது என்றார். ஒருவரின் ஞாபகம் மட்டுந்தான். யோசித்துச் செய்கிறேன் என்று சொல்லி, இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு இவர் என்னோடு கதைக்கவில்லை. கோபமாகக் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், நானும் சளைத்தவள் இல்லை. "அம்மாட்டைச் சொல்லு, நான் பின்னேர ஷிப்ட்" என்று மகளிடம் சொல்லிவிடுவார். ஒரு நாள் மிச்ச ரோல்ஸை ஃப்ரீஸரிலிருந்து எடுத்துச் சூடாக்கி, ஒரு பெட்டியில் போட்டு வெளியே கொண்டுபோனார். கராஜ்காரனிடம் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அவனுக்கு அந்தச் சண்டையே மறந்துவிட்டதாம்.

நாலைந்து மாதம் கழித்துப் பதிவேடு தபாலில் வந்தது. மெல்லிய புத்தகம். இவர் சாப்பாட்டு மேசையில் வைத்து நெடுநேரம் திறக்காமல் இருந்தார். பிறகு முதலில் பின்பக்கத்தைத் திறந்தார், சந்தேகத்துக்குரியவை பட்டியலை. அதில் இல்லை. முன்னுக்கு வந்தார். எங்கள் காரின் வகைக்கு நேரே, செய்யப்பட்டவை பதினொன்று, அல்லது பன்னிரண்டு, என்று இருந்தது. பன்னிரண்டுக்குப் பக்கத்தில் சின்னக் குறி ஒன்று. அடியில், ஹரோவில் உள்ள ஒரு கார், தட்டு இல்லை, இலக்கம் சொந்தக்காரரின் மனைவி நினைவிலிருந்து சொன்னது, என்று ஒரு வரி. இவர் கேட்ட வரி அப்படித்தான் வந்தது.

நான் மற்றப் பக்கம் இருந்து பயற்றங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன். இவர் பேனையை எடுத்து அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஏதோ எழுதினார். ஒரு புத்தகத்திலும் கோடுகூடக் கீறாத மனிதர். பிறகு, இத்தனை மாதத்துக்குப் பிறகு, என்னைப் பார்த்துக் கதைத்தார்.

"இஞ்சாரும். எழுத்தைச் சேர்க்காட்டி இருவத்திமூண்டு. அஞ்சுதான் வருது."

"தெரியும்" என்றேன்.

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. ரயிலில வைச்சு ரெண்டு விதமாயும் கூட்டிப் பாத்தனான்."

"அப்ப அத்தான் கூட்டினது பிழையாயும் இருக்கலாமெண்டு தெரிஞ்சுகொண்டுதான் எறிஞ்சனீர்."

"ஓம்."

"ஏனப்பா?"

"எது சரியெண்டு எனக்குத் தெரியேல்லை. தெரியாமல் அதைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவர எனக்கு ஏலாமல் கிடந்தது. அஞ்செண்டு நம்பி, பிறகு எட்டா இருந்தா? இன்னொருக்கா என்னால ஏலாது." பயற்றங்காயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலே மகள் எதையோ தேடிக் கதவுகளைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

பேனை திரும்பவும் எழுதுகிற சத்தம் கேட்டது, மிகச் சின்னச் சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். அந்த ஓரத்திலேயே, காரின் எண்ணுக்குக் கீழே, முப்பத்தைந்து என்று எழுதி வைத்திருந்தார். அப்டன் பார்க் கதவில் இருந்த இலக்கம். மூன்றையும் ஐந்தையும் மேலே இருந்து கீழே கூட்டினார், பிறகு கச்சேரிப் பழக்கத்தில் கீழே இருந்து மேலே கூட்டிச் சரிபார்த்தார்.

"இதில எழுத்தும் இல்லை" என்றார். "இது எப்பிடிக் கூட்டினாலும் எட்டுத்தான்."

பேனையை மூடி வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து இருந்து, மிச்சப் பயற்றங்காயை உடைக்கத் தொடங்கினார்.